இந்தக் கோட்டில் வயல் எங்கே?

ஓய்வு பெற்ற சில மாதங்களிலேயே, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், நான் சாகப்போவதாக என் மனைவியிடம் அறிவித்தேன். சும்மா அறிவிக்கவில்லை. வீட்டுப் பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது, தண்ணீர் மோட்டார் நின்றுபோனால் யாரைக் கூப்பிட வேண்டும், மாப்பிள்ளையிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று குரல் தழுதழுக்க ஒரு சிற்றுரையே ஆற்றினேன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, பத்திரம் அந்தப் பெட்டியில் இல்லை, போன வருஷமே இடம் மாற்றிவிட்டேன் என்றாள். பிறகு ஆட்டோவுக்குப் போன் செய்தாள்.

காரணம் ஒரு கைக்கடிகாரம். தஞ்சாவூரில் நான் வேலை பார்த்த இதய கிளினிக்கில், பிரிவு உபசாரத்தன்று எல்லோருமாகச் சேர்ந்து எனக்குக் கட்டிவிட்டது. அது மணி காட்டும், நடந்த அடிகளை எண்ணும், நாடித் துடிப்பையும் பார்த்துச் சொல்லும். அன்று காலை அது என் துடிப்பு நூற்று முப்பதைத் தாண்டிவிட்டதாகச் சொல்லி மணிக்கட்டில் நடுங்கியது. நான் அதைவிட அதிகமாக நடுங்கினேன்.

கிளினிக்கில் என் இடத்துக்கு வந்திருக்கும் ஷர்மிளா என்னைப் படுக்கவைத்து ஈ.சி.ஜி. எடுத்தாள். என் இதயம் அரசாங்க அலுவலகத்து மின்விசிறி மாதிரி, அவசரமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். "சார், வாட்ச் இதைக் காட்டினப்ப நீங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?" என்று கேட்டாள்.

பேத்தியைத் தூளியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தேன். கடிகாரம் கட்டிய கையால். கையை நிறுத்தினால் பிள்ளை அழுததால் வேகமாக ஆட்டினேன். கடிகாரம் தோலுக்கு அடியில் ஓடும் ரத்தத்தை வெளிச்சம் போட்டுப் பார்த்து எண்ணுகிற சாதி. கை ஆடினால் ஆட்டத்தையே துடிப்பாக எண்ணிவிடும். இது எனக்குத் தெரியாதா? இந்த ஜில்லாவிலும் பக்கத்து ஜில்லாக்களிலும் ஆயிரக்கணக்கானவர்களின் உடம்பில் மெஷின் கட்டி, மறுநாள் கழற்றும்போது, "அந்த நேரத்துல என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?" என்று கேட்டே வயதானவன் நான். அந்தக் கேள்வியை என்னிடமே ஒருத்தி கேட்க, நான் தூளி என்று பதில் சொன்னேன்.

கிளினிக்கின் ஆண்டு மலருக்கு இதை எழுதித் தரும்படி ஷர்மிளா கேட்டாள். வாட்ச் காட்டிவிட்டது என்று இப்போது தினம் நாலு பேர் ஓடி வருகிறார்களாம். "நாங்க எடுத்துச் சொன்னா நம்ப மாட்டேங்குறாங்க சார். நீங்களே ஓடி வந்தீங்கன்னு தெரிஞ்சா கொஞ்சம் ஆறுதலா இருக்கும்" என்றாள். ஆகவே இது ஆறுதலுக்காக எழுதப்படுகிறது.

நான் கல்லூரியில் படித்தது விலங்கியல். தவளையின் இதயத்தைத் தவிர வேறு இதயம் பார்த்ததில்லை. திருச்சியில் டெக்னீஷியன் படிப்பு படித்தபோது, சிவப்பு வயர் வலது கைக்கு, மஞ்சள் வயர் இடது கைக்கு என்பது தெரிந்தது. மீதி அனைத்தையும் எங்கள் கிளினிக்கின் டாக்டரம்மா அகிலாவிடம் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டேன் என்பதுகூடப் பெருமைக்குச் சொல்வது. அவர் கேள்வி கேட்பார், நான் விழிப்பேன், அதில் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும்.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நோயாளி உள்ளே வந்ததும் முதலில் ஊரைக் கேட்பார். அடுத்து, "வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சா?" என்பார். மேட்டூர் திறந்த செய்தி பத்திரிகையில் வருவதற்கும், கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேருவதற்கும் இடையில் எத்தனை நாள் ஆகிறது என்பது அவருக்கு நோயாளிகள் வழியாகவே தெரியும். அதற்குப் பிறகுதான் நெஞ்சைப் பற்றிய பேச்சு. ஒரு கேள்வி கேட்டுவிட்டால், பதில் வரும்வரை எவர்சில்வர் டம்ளரில் இருக்கும் மோரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருப்பார். அந்த மோர் தீருவதற்குள் பதில் சொல்லியாக வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம்.

எங்களிடம் இருந்த மெஷின்கள் இரண்டு வகை. ஒன்று ஹோல்டர். நெஞ்சில் வயர்களை ஒட்டி, கழுத்தில் ஒரு பையைத் தொங்கவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். ஒரு பகல், ஒரு இரவு முழுக்க இதயத் துடிப்பை ஒன்றுவிடாமல் பதிவு செய்யும். நான் சேர்ந்த புதிதில் அது டிரான்சிஸ்டர் ரேடியோ அளவுக்கு இருந்தது. பஸ்ஸில் போகிறவரிடம் ஸ்கோர் என்ன என்று கேட்பார்கள். பிறகு தீப்பெட்டி அளவாயிற்று. இப்போது வயரே இல்லாத ஒட்டுப்பட்டை வந்துவிட்டது. இன்னொன்று, மேற்கையில் பட்டை கட்டி, அரை மணிக்கு ஒரு தடவை தானே காற்றை அடைத்து ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷின். அது கையை இறுக்கும்போது அசையக் கூடாது, பேசக் கூடாது.

இந்தப் பேசக் கூடாது என்பதில் நாகூர் துணிக்கடை ஹமீது பாய் அகப்பட்டுக்கொண்டார். கிளினிக்கில் பார்த்தால் அவருக்கு அழுத்தம் சுமாராக இருக்கும். மெஷினோடு கடைக்குப் போனால் ஒவ்வொரு தடவையும் ஏறிக் கிடக்கும். மாத்திரையைக் கூட்டலாமா என்று நான் கேட்டேன். டாக்டரம்மா மோரைக் கீழே வைத்துவிட்டு, "பாய், இது இறுக்குறப்ப உங்ககிட்ட யாராவது ஏதாவது கேக்குறாங்களா?" என்றார். பாய்க்கு முகம் சிவந்துவிட்டது. விஷயம் இதுதான்: மெஷின் உறுமத் தொடங்கியதும் பாய் துணியை அளந்தபடியே சிலையாக நிற்பார். வாயைத் திறக்க முடியாது, கையை ஆட்ட முடியாது என்பது கடைப் பையன்களுக்குத் தெரிந்துபோயிற்று. அந்த நேரம் பார்த்து வரிசையாக வந்து, "பாய், நாளைக்கு லீவு வேணும், சரிதானே?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்களாம். மறுக்கவில்லை என்றால் சம்மதம். அழுத்தம் ஏறாமல் என்ன செய்யும்? மாத்திரை கூட்டப்படவில்லை. அடுத்த தடவை மெஷினை வீட்டில் வைத்துக் கட்டினோம்.

இனி என் கைவரிசையைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் சங்கடத்துக்கு அதுதான் வேர்.

ஹோல்டர் ஒட்டுவதில் நான் மன்னன். முதலில் நெஞ்சில், வயர் நுனியில் இருக்கும் பட்டையை ஒட்டும் இடங்களில் மட்டும் முடியை மழிக்க வேண்டும். கூட வந்த மனைவிமார் சிரிப்பதைக் கண்டுகொள்ளக் கூடாது. பிறகு ஸ்பிரிட் போட்டு எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க வேண்டும். நம் ஊரில் இதுவே பெரிய வேலை. பிறகு சொரசொரப்பான துணியால் தோல் லேசாகச் சிவக்கும்வரை தேய்க்க வேண்டும். காய்ந்த பிறகே பட்டை. கடைசியாக, ஒவ்வொரு வயரையும் நேராக விடாமல் ஒரு சின்ன வளையமாகச் சுற்றி, அந்த வளையத்தின் மேல் பிளாஸ்திரி ஒட்ட வேண்டும். யாராவது வயரை இழுத்தால் வளையம் நெகிழ்ந்து கொடுக்கும், பட்டை அசையாது. நான் ஒட்டியதில் கோடு கம்பி இழுத்த மாதிரி சுத்தமாக வரும். வெளியூர் டாக்டர்கள்கூட, மதியழகன் போட்டதா என்று கேட்பார்கள். மதியழகன் என்பது நான்தான்.

இந்தப் பெருமை என் தலைக்கு ஏறிவிட்டது. கோடு கெடாமல் இருக்க நோயாளிகளுக்கு நான் ஒரு உபதேசம் வைத்திருந்தேன். குளிக்கக் கூடாது, சரி. வயரை இழுக்கக் கூடாது, அதுவும் சரி. ஆனால் வியர்த்தால் பட்டை கழன்றுவிடுமே என்று, வியர்க்கிற வேலை செய்யாதீங்க என்று சேர்த்தேன். கனம் தூக்கினால் கோடு ஆடுமே என்று, கனம் தூக்காதீங்க என்று சேர்த்தேன். வெயிலில் போகாதீங்க என்பது எப்போது சேர்ந்தது என்று எனக்கே நினைவில்லை. வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்கள் தங்கள் பங்குக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்தார்கள். மெஷின் போட்ட அன்று கவிச்சி சாப்பிடக் கூடாது. இழவு வீட்டுக்குப் போகக் கூடாது. கொள்ளிடத்தைத் தாண்டக் கூடாது. நாளாக நாளாக, மலைக்கு மாலை போட்டிருக்கிறார் என்று சொல்கிற அதே பயபக்தியோடு, "அவரு மெஷின் போட்டிருக்காரு" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு இது பிடித்திருந்தது. என் கோடுகள் இன்னும் சுத்தமாயின.

அந்தச் சமயத்தில் வந்தவர் கோவிந்தராசு.

குடவாசல் பக்கத்தில் ஒரு கிராமம். கொஞ்சம் சொந்த நிலம், கொஞ்சம் குத்தகை. ஐம்பதைத் தாண்டிய, ஒட்டி உலர்ந்த உறுதியான ஆள். அவர் மயங்கி விழுகிறார் என்பது புகார். ஒரு தடவை வரப்பில். ஒரு தடவை வாய்க்காலுக்குள்ளேயே விழுந்து, அக்கம்பக்கத்தில் ஆள் இருந்ததால் தப்பினார். மூன்றாவது தடவை விழுந்த இடம்தான் சரியில்லை. மகளின் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் நீடாமங்கலத்திலிருந்து வேன் வைத்து வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பரிமாறுகிற ஆள் வரவில்லை என்று இவரே சாம்பார் அண்டாவைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்குள் வந்திருக்கிறார். சம்பந்தியின் காலடியில் அண்டாவோடு விழுந்தார்.

எழுந்தபோது ஊர் தீர்ப்பு எழுதி முடித்திருந்தது. காலையிலேயே ஊத்திக்கொண்டு வந்துவிட்டான். இதில் வேடிக்கை, இல்லை, வேடிக்கை என்று சொல்லக் கூடாது, கோவிந்தராசு சொட்டுக் குடிக்காதவர். ஊரில் மதுக்கடை திறக்கக் கூடாது என்று மறியல் நடந்தபோது முன்வரிசையில் படுத்துக் கிடந்த ஆள். ஊருக்கு அதுவே போதுமாக இருந்தது. வெளியே அப்படி, உள்ளே இப்படி என்று பேசுவதில் இருக்கிற சுகம் எல்லோருக்கும் தெரியும்.

மாப்பிள்ளையின் அப்பா முருகையன், நீடாமங்கலம் ரயில்வே கேட் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருப்பவர். கெட்ட மனிதர் இல்லை. குடியா, வலிப்பா, எதுவானாலும் தெரிந்துகொள்ளாமல் நாள் குறிக்க முடியாது என்று சொல்லிவிட்டார். கோவிந்தராசுவின் மனைவி வசந்தா எங்களிடம் வந்தபோது கேட்டது ஒன்றுதான். "ஏன் விழுறாருன்னு மட்டும் சொல்லிடுங்க சார். அவரு குடிக்கலைன்னு நான் சொன்னா, பொண்டாட்டி அப்படித்தான் சொல்லுவான்னு சொல்றாங்க."

ஈ.சி.ஜி.யில் ஒரு சின்னக் குறை இருந்தது. பலருக்கும் இருக்கக்கூடியதுதான். ட்ரெட்மில்லின் ஓடும் பட்டையில் நடக்கவிட்டுப் பார்த்தோம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறியவர், கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, தரை ஓடுது, தரை ஓடுது என்று முதல் கட்டத்திலேயே இறங்கிவிட்டார். மூளைக்கான பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை. எனவே ஹோல்டர்.

முதல் தடவை கோடு சுத்தம். ஒரு குறையும் இல்லை. இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை இன்னும் சுத்தம். ஒவ்வொரு தடவையும் அவர்கள் குடவாசலிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, ஒன்றும் இல்லை என்ற பதிலோடு போனார்கள். ஒன்றும் இல்லை என்பது நல்ல செய்தி என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். கோவிந்தராசுவுக்கு அது குடிகாரன் என்ற பட்டத்தை டாக்டரே உறுதி செய்த மாதிரி. மூன்றாவது தடவை அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே இருந்தார். போட்டு முடித்த பொத்தானைக் கழற்றி மறுபடி போட்டார்.

நான் என் சுத்தமான கோட்டைக் கொண்டுபோய் டாக்டரம்மா மேஜையில் வைத்தேன். பாராட்டு எதிர்பார்த்தேன் என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. கம்ப்யூட்டர் போட்டுத் தரும் சுருக்கத்தை அவர் எப்போதும் கடைசியில்தான் படிப்பார். முதலில் பார்ப்பது, நாள் முழுக்கத் துடிப்பு எப்படி ஏறி இறங்கியது என்று காட்டும் ஒற்றைக் கோடு. அதைக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். மூன்று தடவை எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"மதியழகன், இவர் என்ன வேலை பாக்குறார்?"

விவசாயம் என்றேன்.

"இந்தக் கோட்டுல வயல் எங்க இருக்கு?"

மோர் டம்ளர் நிறைய இருந்தது. நான் குனிந்து பார்த்தேன். கோடு ஏரித் தண்ணீர் மாதிரி கிடந்தது. காலையில் இல்லை, மதியத்தில் இல்லை, எங்கேயும் ஒரு மேடு இல்லை. மண்வெட்டி பிடிக்கிறவனுடைய நாள் அப்படி இருக்க முடியாது. அது படுத்துக் கிடந்தவனுடைய நாள்.

"போய்ப் பாத்துட்டு வாங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். மெஷின் போட்ட அன்று என்ன நடந்தது என்று கேட்டேன். வசந்தா பெருமையோடு சொன்னார். கயிற்றுக் கட்டிலை வேப்ப மரத்தடியில் போட்டு அதில் அவரைப் படுக்கவைத்தார்களாம். வயரைக் கடித்துவிடப்போகிறது என்று ஆட்டைப் பக்கத்து வீட்டில் கட்டினார்களாம். டி.வி. சத்தத்தைக் குறைத்தாயிற்று. தண்ணீர் கட்டுவது, உரம் போடுவது எல்லாம் வசந்தாவின் தம்பி சேகர். கோவிந்தராசு எழுந்து செம்பை எடுக்கப் போனால்கூட, மெஷின் போட்டிருக்கு, மெஷின் போட்டிருக்கு என்று நாலு திசையிலிருந்தும் குரல் வந்ததாம். உறவுக்காரர்கள் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார்கள். "நீங்க சொன்னதுல ஒண்ணுகூட மீறலைங்க சார்" என்றார் வசந்தா. "மூணு தடவையும் விரதம் மாதிரி இருந்தாரு."

எனக்குக் கொடுத்த காபியைக் குடிக்கவே கூச்சமாக இருந்தது. அந்த மனுஷன் விழுவது வேலை செய்யும்போது. மெஷின் போட்ட அன்று அவரை வேலை செய்யவிடாமல் தடுத்தது மெஷின்தான். மெஷினுக்கு வாய் கிடையாது. அதன் வாய் நான்.

நாலாவது தடவைக்கு டாக்டரம்மா நிபந்தனை போட்டார். தண்ணீரில் இறங்கக் கூடாது. உயரத்தில் ஏறக் கூடாது. சமதரையில், அவர் வழக்கமாகச் செய்யும் வேலை. இரண்டு பக்கமும் ஆள். நானும் கூட இருக்க வேண்டும், கண் இருட்டினால் உடனே நிறுத்தி, காரில் போட்டு நேரே கிளினிக். அறுவடை முடிந்து நெல் மூட்டை பிடிக்கிற நேரம். வசந்தாவைச் சம்மதிக்கவைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. இத்தனை விலை மெஷினோடு மூட்டை தூக்குவதா என்றார். மெஷின் போனால் போகட்டும் என்றேன். என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததை நானே நம்பவில்லை.

கொள்முதல் நிலையத்துக் களத்தில் வைத்தே ஒட்டினேன். அதுவரை ஒட்டியதிலேயே அதிகக் கவனமாக. இரண்டு மடங்கு தேய்த்தேன், வளையத்தைப் பெரிதாக விட்டேன், பிளாஸ்திரியைச் சிலுவை போலப் போட்டேன். நெல்லுத் தூசியில் எனக்குத் தும்மல் வேறு. கழுத்தில் பை தொங்க, கோவிந்தராசு எழுந்து நின்றார். களத்தில் இருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். செல்வம் என்று ஒருவன், ஊர்ப் பேச்சுக்கெல்லாம் அவன்தான் தலைவன் என்று அப்புறம் தெரிந்தது, சாக்கில் சாய்ந்தபடி கேட்டான்:

"என்ன மாமா, பையில குவார்ட்டரா?"

"ஆமாண்டா. தஞ்சாவூர்ல டாக்டரே தர்றாங்க. உனக்கும் ஒண்ணு சொல்லவா?" என்றார் கோவிந்தராசு.

களம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. முதல் மூட்டையைத் தோளுக்கு ஏற்றினார்.

எத்தனை மூட்டை என்று நான் எண்ணவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நோயாளிக்கு வியர்க்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன், விழக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டேன். இரண்டும் சேர்ந்து நடக்காது என்பதும் தெரிந்தது. சட்டை நனைந்து ஒட்டியது. ஒரு மூட்டையோடு திரும்பியவர் நின்றார். சேகரைப் பார்த்தார். "மாப்ள, கண்ணு இருட்டுது" என்றார். சேகர் மூட்டையைத் தட்டிவிட்டு ஆளைப் பிடித்தான். நான் மெஷினில் அந்த நேரத்தைக் குறித்துவைக்கும் பொத்தானை அழுத்திவிட்டு மணிக்கட்டைப் பிடித்தேன்.

நாடி இல்லை. வந்தது. மறுபடி இல்லை. அத்தனை வருஷம் காகிதத்தில் பார்த்த இடைவெளியை விரலில் பார்த்தது அன்றுதான். காகிதத்தில் அது இரண்டு விரற்கடை நீளம். விரலில் அதற்கு முடிவே தெரியவில்லை. பிறகு ஒன்று, இன்னொன்று என்று மெதுவாக வரிசை கட்டி வந்தது.

செல்வம் தண்ணீர்ப் பாட்டிலோடு ஓடிவந்து அவர் முகத்துக்கு மேல் குனிந்தான். குனிந்தவன் அப்படியே நின்றான். "வாசனையே இல்லையே" என்றான், யாரிடமோ சொல்வது போல. அந்த விஷயத்தில் அவன் சொன்னால் களத்தில் யாரும் மறுக்க முடியாது.

கோவிந்தராசு கண் திறந்ததும் கேட்டது, "நெல்லு கொட்டிடுச்சா?"

அன்று சாயங்காலமே டாக்டரம்மா பார்த்தார். என் வாழ்நாளிலேயே அழுக்கான கோடு அது. மூட்டை ஏறும்போதெல்லாம் நடுக்கம், உரசல், குதிப்பு. ஆனால் அதற்கு நடுவில் துடிப்பு படிப்படியாக ஏறுவது தெரிந்தது. ஏறி, ஏறி, ஒரு இடத்தில் சட்டென்று பாதியானது. இதயத்தின் மேல் அறை விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது, கீழ் அறை ஒன்று விட்டு ஒன்றுக்குத்தான் பதில் சொல்கிறது, கடைசியில் பதிலே இல்லை. அவர் விரலால் அந்த மேட்டைத் தடவிக் காட்டினார்.

"வயல் வந்துடுச்சு" என்றார். அதற்குப் பிறகுதான் மோரை எடுத்தார்.

பேஸ்மேக்கர் வைக்க வேண்டும், வைத்தால் சரியாகிவிடும் என்று கோவிந்தராசுவிடம் சொன்னார். அவர் அதைச் சரியாகக் கேட்டுக்கொண்டாரா என்று தெரியவில்லை. சம்பந்தியைக் கூட்டிக்கொண்டு வரட்டுமா, அவருக்கும் நீங்களே சொல்லுவீங்களா என்றார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே போன் போட்டார்.

முருகையன் மறுநாள் தாமதமாக வந்தார். கேட் போட்டுட்டான் என்றார். நீடாமங்கலத்துக்காரர்கள் பிறக்கும்போதே கற்றுக்கொள்ளும் வாக்கியம் அது. டாக்டரம்மா அதையே பிடித்துக்கொண்டார். மேல் அறையிலிருந்து கீழ் அறைக்கு ஒரு கேட் இருக்கிறது, போக்குவரத்து கம்மியாக இருந்தால் ஒழுங்காகத் திறந்து மூடும், இவருக்குக் கூட்டம் சேர்ந்தால் கேட் திறப்பதில்லை, அதனால் கனம் தூக்கினால் விழுகிறார், படுத்திருந்தால் ஒன்றும் இல்லை என்றார். முருகையன் கோட்டை உற்றுப் பார்த்தார். "அப்ப நம்ம ஊரு கேட்டுதான்" என்றார்.

ஆனால் அவர் மளிகைக் கடைக்காரர். பொருளைத் திருப்பிப் பார்க்காமல் விடமாட்டார். இது பெண்ணுக்கும் வருமா என்று கேட்டார். டாக்டரம்மா மழுப்பவில்லை. பெண்ணுக்கு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தோம், நன்றாக இருக்கிறது, இந்த மாதிரிக் குறை பெரும்பாலும் வயதாகி வருவது, வரவே வராது என்று யாருக்கும் யாராலும் எழுதித் தர முடியாது, உங்களுக்கும் தர முடியாது என்றார். கடைசியில் சொன்னதைக் கேட்டு முருகையன் தன் நெஞ்சை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு கட்டிலில் இருந்தவர் பக்கம் திரும்பினார்.

"நானும் நாலு பேர்கிட்ட சொல்லிட்டேன், மச்சான். சொன்ன வாயாலேயே மாத்திச் சொல்லிடுறேன்."

அந்தக் கோட்டின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கிப் போனார். கடையில் கல்லாவுக்குப் பின்னால் கண்ணாடி போட்டு மாட்டியிருந்ததாகவும், பருப்பு வாங்க வந்தவர்களுக்கெல்லாம் கேட் கதையை விளக்கியதாகவும் கேள்விப்பட்டேன். இதய மருத்துவம் நீடாமங்கலத்தில் அந்த அளவுக்கு வேறு எப்போதும் வளர்ந்திருக்காது.

நான் என் உபதேசத்தை அன்றே மாற்றிக்கொண்டேன். குளிக்காதீங்க, வயரை இழுக்காதீங்க, மற்றபடி நேத்து என்ன பண்ணினீங்களோ அதையே பண்ணுங்க. சண்டை போடுகிற வழக்கம் இருந்தால் சண்டையும் போடுங்க. என் கோடுகள் அழுக்காயின. வெளியூர் டாக்டர்கள் மதியழகன் போட்டதா என்று கேட்பதை நிறுத்தினார்கள். ஆனால் பெஞ்சில் காத்திருப்பவர்களை என்னால் திருத்த முடியவில்லை. கொள்ளிடம் தாண்டக் கூடாது என்பது இன்றைக்கும் அமலில் இருப்பதாக ஷர்மிளா சொல்கிறாள்.

கல்யாணம் குடவாசலில், வைகாசியில். டாக்டரம்மாவால் வர முடியவில்லை, நான் போனேன். முதல் பந்தியில் உட்காரவைத்து, இவர்தான் கண்டுபிடித்தவர் என்று முருகையன் நாலு பேருக்கு அறிமுகம் செய்தார். செல்வம் எனக்கு இரண்டாவது தடவை பாயசம் ஊற்றினான். பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டுவிட்ட கோவிந்தராசு பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாழைத்தாரைத் தூக்குவதும், தண்ணீர்க் கேனை உருட்டுவதும், பந்தலுக்கும் சமையல்கட்டுக்குமாகப் பறப்பதுமாக இருந்தார். அவர் ஒரு இடத்தில் நிற்பதைப் பார்க்கவே முடியவில்லை. அந்த ஓட்டத்தில் எனக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டல்லவா என்று தோன்றியது.

வசந்தா கையில் வெற்றிலைத் தட்டோடு பக்கத்தில் வந்து நின்றார். ஏதோ நன்றி சொல்லப்போகிறார் என்று நான் அடக்கமான முகத்தைத் தயார் செய்துகொண்டேன். அவர், கணவர் ஓடுவதையே பார்த்தார்.

"கண்ணாலம் ஆகி இத்தனை வருஷத்துல, மெஷின் போட்டிருந்த அந்த மூணு நாளுதான் சார் இவரு ஒரு இடத்துல உக்காந்து எங்கிட்ட பேசுனாரு" என்றார். "உங்ககிட்ட பழசு ஏதாவது சும்மா கிடக்குமா? உள்ள ஒண்ணும் ஓட வேணாம். கழுத்துல தொங்குனா போதும்."